கல்லூரிக்கு விண்ணப்பிக்கையில் பெற்றோர் துணை

கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதானே என்று பெரியவர்கள் எண்ணுகின்றனர். பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்களோ, மேல்நிலையில் எடுக்கும் பிரிவே பாதி விண்ணப்பம் என்போம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத் தரவரிசை போடுகிறார்கள். கணிதத்தை விட்டுவிட்டு இரண்டாண்டு கழித்து வருந்திப் பயன் என்ன? ஆகவே பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எங்களை அருகில் அமர்த்தி, "உனக்கு எதில் விருப்பம், அம்மா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்த பிரிவு எங்களுக்கு எதற்கு!

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வையுங்கள். வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் மறவாதீர்கள். தொழிற்படிப்புகளில் அதற்குக் கட்டணச் சலுகை உண்டு.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா தனியாகப் போய்க் கணினி மையத்தில் விண்ணப்பித்தாள். தன்னிடம் கைப்பேசி இல்லாததால் மையக்காரரின் எண்ணையே கொடுத்துவிட்டாள். கலந்தாய்வு அழைப்பு அவருக்குப் போயிற்று. இவளுக்குத் தெரிந்ததோ மறுநாள்! அப்பாவின் எண்ணைக் கேட்க அவளுக்குப் பயமாம். அதைக் கேட்டபோது எங்களுக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவளோடு பேருந்தில் ஏறி வேறொரு கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கினார். அதில் தம் எண்ணைத் தாமே எழுதினார். இப்போது அக்கா அங்கே வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.