மனச்சோர்வு நீக்கிகளும் மனநிலைச் சீராக்கிகளும்: முக்கியக் குறிப்புகள்

ஒரு மருந்து உடலில் எங்கே வேலை செய்கிறது என்று பிடிபட்டால், அதன் பக்கவிளைவுகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

அடிப்படை

• இரு நரம்புச் செல்களுக்கு இடையே செய்தி கடக்கும் இடம் சினாப்ஸ். செய்தியைக் கடத்துபவை செரடோனின், நார்எபிநெஃப்ரின், டோபமைன் போன்ற வேதிப்பொருள்கள்.

• வெளியான வேதிப்பொருளை நரம்புச் செல் திரும்ப இழுத்துக்கொள்வது மீள உறிஞ்சல். நார்எபிநெஃப்ரினில் இதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்சல்ராட் 1970-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

• மீள உறிஞ்சலைத் தடுக்கும் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே சினாப்ஸில் செரடோனின் கூடும். மனநிலை தேறப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். எனவே, 'செரடோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம்' என்பது முழு விளக்கம் ஆகாது.

மனச்சோர்வு நீக்கிகள்

• எம்.ஏ.ஓ. தடுப்பான்கள்: முதல் மருந்து ஐப்ரோனியசிட். காசநோய்க்குக் கொடுக்கப்பட்டபோது நோயாளிகள் உற்சாகமடைந்தது 1952-இல் கவனிக்கப்பட்டது. இவை மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியை முடக்குகின்றன. பழைய பாலாடைக்கட்டியில் உள்ள டைரமினைச் சிதைப்பதும் இந்த நொதிதான். அது முடங்கியிருக்கும்போது அந்தக் கட்டியை உண்டால், டைரமின் சிதையாமல் தங்கி ரத்த அழுத்தம் எகிறும். இதன் பெயர் 'சீஸ் விளைவு'.

• மூவளைய மருந்துகள்: முதல் மருந்து இமிப்ரமின், மனச்சோர்வுக்கு இதன் பயனை வெளியிட்டவர் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் (1957). மீள உறிஞ்சலைத் தடுப்பதோடு அசிடைல்கோலின் ஏற்பிகளையும் அடைப்பதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தேக்கம், பார்வை மங்கல். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடம்புரளும். அப்போது கொடுப்பது சோடியம் பைகார்பனேட்.

• எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை: ஃபுளூவாக்சிடின் (அமெரிக்க அனுமதி 1987), செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம். செரடோனின் மீள உறிஞ்சலை மட்டும் குறிவைத்துத் தடுப்பவை. உடலின் செரடோனினில் பெரும்பகுதி குடலில் இருப்பதால் முதல் வாரங்களில் குமட்டல் வரும். ரத்தத் தட்டணுக்களும் செரடோனினை உள்ளிழுப்பவை என்பதால், ஆஸ்பிரினுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். பாலுறவு நாட்டம் குறையலாம். முதியோருக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம்.

• செரடோனின் நோய்க்குறி: செரடோனினைக் கூட்டும் மருந்துகள் ஒன்றுசேரும்போது வருவது. காய்ச்சல், வியர்வை, பதற்றம், தசைத் துடிப்பு ஆகியவை அடையாளம்.

• மிர்ட்டசபின்: தூக்கம், எடை கூடுதல். புப்ரோபியான்: வலிப்பு வாய்ப்பு, புகைப்பழக்கத்தை விடவும் பயன்படும்.

• எஸ்கெட்டமின்: மூக்கில் தெளிக்கும் மருந்து, அமெரிக்க அனுமதி 2019. குளூட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைப்பது.

• திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். 24 வயது வரையிலானோரைத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் குறித்துக் கண்காணிக்க வேண்டும்.

மனநிலைச் சீராக்கிகள்

• லித்தியம்: அணு எண் 3. மிகையெழுச்சிக்கு (அளவுகடந்த உற்சாக நிலை) இதன் பயனை 1949-இல் வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட். அமெரிக்க அனுமதி 1970.

• ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல், 1.5-ஐத் தாண்டினால் நச்சு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்.

• சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தைப் போலவே கையாள்கிறது. உப்பைத் திடீரெனக் குறைத்தாலோ, வயிற்றுப்போக்கில் நீரிழந்தாலோ, தயசைடு, ஐபுப்ரோஃபென் எடுத்தாலோ லித்தியம் உடலிலேயே தங்கி அளவு ஏறும்.

• விரல்களில் மெல்லிய நடுக்கம், தாகம், அதிகச் சிறுநீர், தைராய்டு குறைவு ஆகியவை பக்கவிளைவுகள். கை பெரிதாக ஆடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது நச்சு, உடனே மருத்துவமனை.

• வால்ப்ரோயேட்: வலிப்பு மருந்தும்கூட. கல்லீரல் பாதிப்பு, கருவில் நரம்புக்குழாய்க் குறைபாடு.

• கார்பமாசெபின்: வெள்ளணுக் குறைவு, கடுமையான தோல் நோய். எச்.எல்.ஏ.-பி*1502 மரபணு உள்ள ஆசியருக்கு ஆபத்து அதிகம்.

• லாமோட்ரிஜின்: தோல் தடிப்பு வரலாம் என்பதால் அளவை மெதுவாகவே ஏற்றுவார்கள்.

இந்தியா

• மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார்.

• டெலி மனஸ் உதவி எண் 14416. தொடக்கம் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள்.

பயிற்சி வினா

கூற்று: இருதுருவக் கோளாறில் (மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறிமாறி வரும் நோய்) மனச்சோர்வு நீக்கியைத் தனியாகக் கொடுப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

காரணம்: அது நோயாளியை மிகையெழுச்சிக்குத் தள்ளிவிடலாம்.

விடை: கூற்று, காரணம் இரண்டும் சரி, காரணம் கூற்றைச் சரியாக விளக்குகிறது.