வியாதிக்காரருக்குச் சோறு



வியாதிக்காரருக்குச் சோறாக்கிக் கொடுக்கும் தர்மச் சமையலில் நாங்களும் ஒத்தாசை செய்யலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். தாராளமாய்ச் செய்யலாம். ஆனால் அடுப்பண்டை போகுமுன் ஒரு பாடம் படிக்க வேண்டும். அதை நான் படித்தது என் சொந்தத் தப்பிதத்தினால்.

சில ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை இரத்தம் சுத்திகரித்துக்கொள்ளும் ஒருவரைப் பார்க்கப் போனேன். நம் கம்பம் பள்ளத்தாக்கில் வெறுங்கையோடு போவது வழக்கமா? ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு இளநீரும் கொண்டுபோய் வைத்தேன். அவர் மனைவி முகங்கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, "சாமி, இது ரெண்டையும் அவர் தொடக்கூடாதுங்க" என்றார்கள்.

வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் என்னும் சத்து மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனதால் அது ஆகாது. இரத்தத்தில் அது ஏறினால் இருதயமே நின்றுபோகக்கூடும். நான் அன்போடுதான் கொண்டுபோனேன். ஆனால் கொடுக்கிற என் சந்தோஷத்தை நினைத்தேனேயொழிய, உண்ணுகிற அவரை நினைக்கவில்லை.

அர்ச். வின்சென்ட் தே பவுல் பிரான்சு தேசத்தில் ஷத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குக்குருவாயிருந்தார். 1617 ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறன்று, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் வியாதியாய்க் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிரசங்கத்தில் சொன்னார். பிற்பகலில் அவர் போனபோது, பாதை நிறைய ஜனங்கள் ஆகாரத்தோடு போவதும் வருவதுமாயிருந்தார்கள். அதைக் கண்டு அவர் மகிழ்ந்தார்; ஆனால் கவலையும் கொண்டார். இன்று மிதமிஞ்சிக் கிடப்பது கெட்டுப்போகும். நாளைக்கு யார் கொடுப்பார்? சில நாட்களுக்குள் ஊர்ப் பெண்களைச் சேர்த்து, நாளுக்கொருவராய் முறைவைத்துச் சமைக்க ஏற்பாடு செய்தார். வியாதிக்காரருக்கு எப்படிப் பரிமாறுவது என்பதையும் ஒழுங்காக எழுதிவைத்தார்: இறைச்சியை நறுக்கிக் கொடுக்க வேண்டும், அன்பாய் நாலு வார்த்தை பேச வேண்டும், துணையுள்ளவர் வீட்டுக்கு முதலில் போய், துணையற்றவர் வீட்டுக்குக் கடைசியில் போக வேண்டும். ஏனெனில் அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம்!

மலைக்கு அப்பால் கோட்டயத்தில் நம் காலத்திலேயே இதைக் காண்கிறோம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஊழியராயிருந்த பி. யு. தாமஸ் என்பவர் தொடங்கிய 'நவஜீவன்', ஏழை நோயாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையிருப்போருக்கும் நாள்தோறும் அன்னமிட்டுப் பேர்பெற்றது. ஒருநாள் விருந்து போடுவது பெரிதல்ல; நாள்தோறும் போடுவதுதான் பெரிது.

நமக்கும் வேலை உண்டு. கானாவிலக்கு அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு அரசாங்கம் ஆகாரம் கொடுக்கிறது. கூலிவேலையை விட்டுவந்து துணைக்கிருக்கும் மனைவிக்கு யார் கொடுப்பார்? வீடு திரும்பிய தனிக்கட்டைக்கு யார் பத்தியம் சமைப்பார்? ஆகையால் ஒத்தாசைக்கு வருவோர் நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கேட்டுச் சமையுங்கள். வைத்தியர் சொன்னதே சட்டம். எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சாம்பார் ஆகாது. சிறுநீரக நோயாளிக்கு உப்பு குறைய வேண்டும். காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். புற்றுநோய் மருந்தினால் வாய் புண்ணானவருக்குக் காரமும் புளியுமில்லாத குழைந்த கஞ்சியே அமிர்தம். உங்கள் கைப்பக்குவத்தின் பெருமையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, முறை தவறாதிருங்கள். அறுப்பு நாளிலும் கல்யாண நாளிலும் அவருக்குப் பசிக்கும். வர முடியாவிட்டால் முந்தின நாளே மாற்றாள் சொல்லுங்கள்.

மூன்றாவது, சுத்தம். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் சமையலுக்கு வராதிருப்பதே அன்று நீங்கள் செய்யும் தர்மம். நோயை எதிர்க்கும் பலம் அவர்களுக்குக் குறைவு. பழையதை அனுப்பவே கூடாது.

நான்காவது, சற்று உட்காருங்கள். ஆனால் கொடுப்பதைக் கைபேசியில் படம் பிடிக்க வேண்டாம். வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாமென்று நமதாண்டவர் போதித்திருக்க, ஊரெல்லாம் அறிவதெதற்கு?

அர்ச். மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாய் வாசியுங்கள். செபக்கூடத் தலைவனின் பன்னிரண்டு வயது மகளை ஆண்டவர் உயிர்ப்பிக்கிறார். எல்லாரும் திகைத்து நிற்கையில், பிள்ளைக்கு உண்ணக் கொடுக்க வேண்டுமென்று நினைத்தவர் அவர் ஒருவரே! அற்புதம் செய்தவர் அவர். ஆகாரம் கொடுக்கும் வேலையையோ வீட்டாரிடம் விட்டார். அந்த வேலைதான் இன்று நம்மிடம் வந்திருக்கிறது.

இவ்வாரத் தீர்மானம்: உங்கள் தெருவில் வியாதியாயிருக்கும் ஒருவரிடம் போய், "உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்டபின் அடுப்பை மூட்டுங்கள்.

உங்கள் பங்குக்குரு