நெறி கட்டாமலே திரும்பும் லிம்போமா

கேள்வி: என் மாமனாருக்கு விரையில் வந்த லிம்போமா கீமோவில் குணமானது. மூன்று வருசம் கழித்து மூளையில் கட்டி என்கிறார்கள். கழுத்தில், அக்குளில் நெறியே கட்டவில்லையே? — வாசகி, ஈரோடு

பதில்: நெறி கட்டித்தான் திரும்ப வேண்டும் என்றில்லை, அம்மா. விரையில் தொடங்கும் வேகமான பி-செல் லிம்போமா, பல வருசம் கழித்தும் மூளையிலோ மறு விரையிலோ தலைகாட்டுவது மருத்துவர்கள் அறிந்த வழிதான். ரத்தத்தில் ஓடும் கீமோ மருந்து இரண்டு இடங்களிலும் எளிதில் நுழையாது. ஒளிந்த செல்கள் தப்பிவிடுகின்றன. மறு விரைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது அதனால்தான். சிறுநீரகம், அட்ரினல் சுரப்பியைத் தொட்ட லிம்போமாவுக்கும் மூளை ஆபத்து கூடுதல்.

முடிந்தால் பயாப்ஸி எடுத்து உறுதி செய்யுங்கள். நம் ஊரில் காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் இப்படித் தெரியலாம். பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சுருங்கி, முடிவு குழம்பும். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதுகுத் தண்டு நீர், கண் பரிசோதனையும் தேவை.

மூளைக்குள் போகும் மருந்து உண்டு: அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட். சிறுநீரகம் தாங்குமா என்று பார்த்தே கொடுப்பார்கள்.