தூக்கம் மிஞ்சிப்போன குழந்தை



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் சித்திரை லீவுக்குத் திரியாய்க்குப் போனது. திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளியைத் தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வழியில் உள்ள பழைய ஊர் அது. புருஷனுடைய பெரியம்மா அங்கே வாழ்க்கைப்பட்டவர். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். விடியற்காலை லயத்தை விட்டு இறங்கி, கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஒரு பஸ், பிறகு புல்மோட்டை பஸ். வழியெல்லாம் ஹாரன், பாட்டு, ஆள் மாறி ஆள் கொஞ்சல். குழந்தை கண்ணயர்ந்தது கால் மணி, அரை மணிதான். "புள்ள எவ்வளவு சமத்தா வருது பாருங்க" என்று தாய்க்குப் பெருமை.

பொழுது சாய்ந்ததும் பிடித்தது அழுகை. முதுகை வில்லாக வளைக்கிறது, கையை இறுக்கி மூடுகிறது, பாலைக் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது. ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டினார், ஒருவர் டிவியைக் காட்டினார், ஒருவர் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. "தூக்கமே வர மாட்டேங்குது பெரியம்மா" என்றாள் தாய். பெரியம்மா சொன்னார்: "நித்திரை வராமல் இல்ல பிள்ளை. நித்திரை கூடிப் போச்சு."

நாம் தூக்கம் என்பதை அந்தப் பக்கம் நித்திரை என்பார்கள். சொல் வேறு, சங்கதி ஒன்றுதான். களைத்த பெரியவர் பாயைக் கண்டதும் சாய்ந்துவிடுவார். குழந்தை அப்படியல்ல. தூக்கம் வரும் நேரத்தில் தூங்க விடாமல் போனால், அதன் உடம்பு விழித்திருப்பதற்கு வேண்டிய சுரப்புகளை இரத்தத்தில் விடுகிறது. கோர்ட்டிசோல், அட்ரினலின் என்று இவற்றுக்குப் பெயர். பிறகு களைப்பு ஒரு பக்கம் இழுக்க, படபடப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது. அதனால்தான் "பகல்ல தூங்க விடாம வச்சா ராத்திரி நல்லாத் தூங்கும்" என்ற கணக்குக் கைக்குழந்தையிடம் பலிப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அளவு இது: மூன்று மாதம் வரை ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணித்தியாலம், பகல் தூக்கமும் சேர்த்து. பிறந்த குழந்தை ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் விழித்திருந்தாலே அதிகம். ஐந்து மாதப் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலம் போல. கண்ணைக் கசக்குவது, காதை இழுப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வெறித்துப் பார்ப்பது, இவையெல்லாம் தூக்கத்தின் முன்னறிவிப்பு. அழுகை கடைசி அறிவிப்பு.

பெரியம்மா செய்ததைக் கேளுங்கள். முதலில் குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தார். வியர்வை. தோட்டத்துக் குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பியும் சுவீட்டரும் திரியாய் வெக்கையிலும் மேலேயே இருந்தன! அவற்றைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போட்டார். டிவியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, சனத்தை முற்றத்துக்கு அனுப்பினார். "தண்ணி குடுக்கவா?" என்று கேட்ட தாயிடம் வேண்டாமென்றார். சரியான பேச்சு. ஆறு மாதம் வரை வெயில் காலத்திலும் தாய்ப்பாலே போதும். அடிக்கடி கொடுத்தால் சரி. பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரே சீராக நடந்தார், பேச்சில்லாமல்.

இந்த நடைக்கு விஞ்ஞானமும் உண்டு. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022ல் வெளியிட்ட ஆய்வில், அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்தால் அழுகை அடங்கி, பல குழந்தைகள் தூங்கியும் விடுவதைக் கண்டார்கள். தூங்கியவுடன் கிடத்தினால் விழித்துக்கொள்ளும். ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து பிறகு கிடத்துங்கள் என்கிறார்கள். கிடத்தும்போது மல்லாக்காக, சமமான பாயில், தலையணை இல்லாமல். சேலைத் தொட்டிலில் ஆட்டுகிறவர்கள், நாடி நெஞ்சில் முட்டும்படி குழந்தை மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள், மூச்சு முட்டும். தூங்கிய பிறகு பாய்க்கு மாற்றுவது நல்லது.

நம் லயங்களில் இது பயணத்தின் போது மட்டும் வருவதில்லை. பிள்ளைக் காம்பராவில் பத்துப் பிள்ளைகள் சத்தத்தில் குழந்தை அரைத் தூக்கம் தூங்குகிறது. தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தூக்கும்போதே அது களைத்துப்போயிருக்கும். வீட்டிலோ அடுப்புப் புகை, பக்கத்துக் காம்பராவில் பாட்டு. அதனால் குழந்தையை வாங்கும்போது "சாப்பிட்டுச்சா?" என்பதோடு "கடைசியா எத்தனை மணிக்குத் தூங்கிச்சு?" என்றும் கேளுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். தகப்பன்மாரே, அந்தி நேர நடை உங்கள் வேலையாகட்டும். பகலெல்லாம் மலை ஏறி இறங்கிய கால் அவளுடையது.

கண்ணூறு என்று சுற்றிப் போடுகிறவர்கள் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மிளகாய்ப் புகை மட்டும் குழந்தையிடம் வர வேண்டாம். தூங்க வைக்க இருமல் பாணி, சளி மருந்து, நாக்கில் ஒரு சொட்டுச் சாராயம், இவை கூடவே கூடாது, மூச்சையே அமத்திவிடும். எரிச்சல் தலைக்கேறினால் குழந்தையைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும்.

காய்ச்சல், பால் குடிக்காமை, விடாத வாந்தி, வலிப்பு, துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல், வழக்கமில்லாத கீச்சுக் குரல் அழுகை என்றால் அது தூக்கக் கோளாறல்ல. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

திரியாய்க் குழந்தை அன்று ஒன்பது மணிக்குத் தூங்கியது. திரும்பும்போது கண்டியில் ஓர் இரவு தங்கிப் பயணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கண்ணைக் கசக்கிய போதெல்லாம் தாய் முந்தானையால் வெளிச்சத்தை மறைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். யார் கேட்டும் கொஞ்சக் கொடுக்கவில்லையாம். கம்பளித் தொப்பியை கினிகத்தேனை ஏற்றத்தில்தான் எடுத்தார்கள்.