குருமாணவர்களும் குணநலன்களும்



லேபில் ஒரு இரும்புக் கம்பியைக் கண்ணால் பார்த்து 'நல்ல கம்பி' என்று யாரும் சொல்வதில்லை. டெஸ்டிங் மிஷினில் மாட்டி, லோடு ஏற்றிப் பார்த்த பிறகுதான் சொல்வோம். மனிதனையே அப்படிப் பார்க்கும் ஒரு படிப்பு உண்டு. அதுதான் கத்தோலிக்கக் குருவாவதற்கான படிப்பு.

நம் டிப்ளமோ மூன்று வருடம். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி அவர்களுக்குத் தத்துவம் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு, ஆகக் குறைந்தது 6 ஆண்டுகள். பொதுவாக 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. பயிற்சியில் இருப்பவரை நம்ம பக்கத்துப் பங்குகளில் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள்.

அவர்களிடம் எதிர்பார்க்கும் குணங்கள் என்ன? போப் இரண்டாம் ஜான் பால் 1992-ல் வெளியிட்ட மடல், பயிற்சியை மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி என நான்காகப் பிரித்து, மனிதப் பண்பே அஸ்திவாரம் என்கிறது. அதை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்:

1. தனிமையைத் தாங்கும் மனம். மனைவி, மக்கள் இல்லாத வாழ்வு அது.

2. எல்லோரிடமும் பழகும் குணம். தனியாக இருக்கத் தெரிந்தவர், கூட்டத்தைக் கண்டு ஒதுங்கவும் கூடாது.

3. கீழ்ப்படிதல், கூடவே சொந்தப் புத்தி.

4. தன்னைத்தானே அறிதல். இதுதான் கஷ்டமானது.

ரோம் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் 1971-ல் உளவியல் நிறுவனம் தொடங்கிய இயேசு சபைக் குரு லூயிஜி ருல்லா, பயிற்சிக்கு வந்த இளைஞர்களை ஆராய்ந்தார். பலரிடம் சொல்லும் லட்சியம் ஒன்று, அவர்களுக்கே தெரியாத உள்மனத் தேவை வேறு என்று கண்டார். உதாரணமாக, 'சேவை செய்ய வந்தேன்' என்பவரின் அடிமனம் மரியாதையைத் தேடலாம்.

பயிற்சி முடிந்தாலும் சோதனை முடிவதில்லை. இதற்கு ரமணாசிரமம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பிரான்சில் 1910-ல் பிறந்து, 1929-ல் மடத்தில் சேர்ந்து, 1935-ல் குருவானவர் ஹென்றி லெ சோ. 1949-ல் இங்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தார். 1952 முதல் பல தடவை அருணாசல மலைக் குகைகளில் தங்கினார். அபிஷிக்தானந்தா என்ற பெயர் கொண்டார். கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அத்வைதத்துக்கும் நடுவே அவர் மனம் வருடக்கணக்கில் தவித்தது. அந்தத் தவிப்பை மறைக்காமல் டைரியில் எழுதினார். 1973-ல் இறக்கும் வரை குருவாகவே இருந்தார். நாலாவது குணம் என்றேனே, அது இதுதான்!

இன்னொரு விஷயம். குருமடத்திலிருந்து நடுவில் வெளியே வருபவரை ஊர் 'ஓடி வந்தவன்' என்று கேலி பேசும். அது தப்பு நண்பர்களே! தனக்கு ஆகாது என்று சீக்கிரம் கண்டுபிடிப்பதும் சோதனையின் வெற்றிதான்.

இது நமக்கும் பாடமே. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவன் நான். 'தம்பி தங்கச்சியைக் கரையேத்தணும்' என்று சொல்லித்தான் வந்தேன். நாலு பேர் 'சார்' என்று கூப்பிடணும் என்ற ஆசையும் உள்ளே இருக்கிறது. இருப்பதில் குற்றமில்லை. இருப்பது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்