முதுமைக்குத் துணை ஒரு சென்ட் தோட்டம்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் வட்டாரத்தில் வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. நிலம் கைவிட்டுப் போனதும் பெரியவர்களுக்கு வேலையும் போய்விடுகிறது. உழைத்துப் பழகிய உடல் ஓய்ந்து கிடந்தால் தசை வலுவிழக்கும், நடை தளரும்.

65 வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் 5 நாள், வெயில் ஏறுமுன் அரைமணி நேரத் தோட்டவேலை இதை ஈடுசெய்யும்.

கொல்லையில் ஒரு சென்ட் இடம் போதும். ஆடியில் அவரை, புடல், பீர்க்கு விதைக்கலாம். தையில் வெண்டை, கொத்தவரை ஏற்றவை. அரைக்கீரையை விதைத்த 25ஆம் நாள் முதல் அறுவடை செய்யலாம். பின் வாரந்தோறும் அறுக்கலாம். அந்தந்தப் பருவத்துக் காய் அன்றன்றே உலைக்கு வரும்.

குனிய இயலாதோர் உயரமான திட்டில் தொட்டி வைத்து வளர்க்கலாம். பூச்சிமருந்து தெளிப்பதும் ஏணி ஏறுவதும் வேண்டாம். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நல்லது.

மாலையில் நூலகம் சென்று வேளாண் நூல்களைப் படிக்கலாம். படித்ததைப் பாத்தியில் செய்துபார்த்து, விதைத்த நாளையும் விளைச்சலையும் நோட்டில் குறித்துவைத்தால் மனமும் சோர்வடையாது.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் வயலில் உழைத்தவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024இல் மறைந்தார். அவருக்கு வயல் இருந்தது. வயல் இல்லாதவர்கள் கொல்லையில் ஓர் அவரைப் பந்தலிலிருந்து தொடங்கலாம்.