இரத்தம் சொல்லும் சாட்சி



பூச்சிமருந்து குடித்தவரையோ, வயலில் மருந்தடிக்கையில் மயங்கி விழுந்தவரையோ கட்டிலில் கிடத்தியதும் நாங்கள் கேட்கும் பரிசோதனைகளுள் ஒன்று கோலினெஸ்டரேஸ். போர்க்களத்து நச்சுவாயுவையும் இதே பரிசோதனை காட்டிக்கொடுக்கும் என்றால் வியப்பாயிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். 1938-இல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிய வேதியியலாரே சாரின் என்னும் நரம்பு விஷத்தைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நரம்பு முனையில் அசெட்டைல்கோலின் என்ற பொருள் சுரந்து, தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை கொடுக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிப்பது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. விஷம் அந்த நொதியைப் பற்றிக்கொண்டால் கட்டளை ஓய்வதேயில்லை. எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சு நின்றுபோகும்.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் பரப்பப்பட்டது. அமெரிக்க மிஷனெரி மருத்துவர் ஒருவர் தொடங்கிய செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று மட்டும் 640 பேர் வந்தார்கள். ஜெப ஆலயத்திலும் நோயாளிகளைப் படுக்கவைத்தார்கள். அங்கும் பிராணவாயுக் குழாய் பொருத்தியிருந்த முன்யோசனையை என்னவென்று சொல்வது! வேறொரு இரசாயனம் என்றே முதலில் தகவல் வந்தது. சுருங்கிய கண்மணியும் குறைந்துபோன கோலினெஸ்டரேஸும் வேறு கதை சொல்லின. அந்தத் தாக்குதலில் 14 பேர் இறந்தார்கள்; கடைசியாக இறந்தவர் 25 ஆண்டுகள் நோயோடு போராடி, 2020-இல் காலமானார்.

ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ஒரு குறை உண்டு. நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரல் நோயிலும் குறையும். குறைந்திருக்கிறது என்று சொல்லுமேயன்றி, எந்த விஷம் என்று சொல்லாது. சிறுநீரில் சாரினின் சிதைவுப்பொருளைத் தேடலாம். அதுவும் சில நாட்களில் வெளியேறிவிடும்.

நெதர்லாந்து விஞ்ஞானிகள் இதற்கு வழி கண்டார்கள். நொதியோடு ஒட்டிக்கொண்ட சாரின், ஃபுளோரைடு சேர்த்தால் மறுபடி பிரிந்து வருகிறது. டோக்கியோவிலும், 1994-இல் தாக்கப்பட்ட மட்சுமோட்டோவிலும் பாதிக்கப்பட்டவர்களின் சேமித்துவைத்த இரத்தத்தில் இப்படிச் சாரினைக் கண்டு 1997-இல் வெளியிட்டார்கள். சில வாரங்கள் கழித்து எடுத்த இரத்தத்திலும் இம்முறை பயன்படும். கொப்புளம் உண்டாக்கும் மஸ்டர்ட் விஷமோ சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதன் தடமும் நெடுநாள் நிற்கும்.

2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூட்டா பகுதி தாக்கப்பட்டது. ஐ.நா. ஆய்வாளர்கள் ஐந்து நாட்களுக்குப் பின்னரே உள்ளே போக முடிந்தது. காற்றில் கலந்தது அதற்குள் கலைந்துபோயிருக்கும். பிழைத்தவர்களின் இரத்தம் மறக்கவில்லை. பெரும்பாலான மாதிரிகளில் சாரினின் அடையாளம் கிடைத்தது. நடக்கவேயில்லை என்று யாரும் மறுக்கக்கூடிய காரியத்தில், படுக்கையில் கிடக்கும் ஏழையின் பக்கம் பேசுவது அந்த ஒரு குழாய் இரத்தம்தான்.

சிகிச்சை எதற்கும் காத்திருப்பதில்லை. அறிகுறி தெரிந்தவுடன் அட்ரோபின் போட்டாக வேண்டும். பிராலிடாக்சிம் என்ற மாற்றுமருந்தோ நொதியிலிருந்து விஷத்தைப் பிரித்துவிடும். ஆகையால் கூடுமானால் அதற்கு முன்பே இரத்தம் எடுத்து, நாளும் மணியும் எழுதி, முத்திரையிட்டு, குளிரில் வைக்கவேண்டும்.